எல்லாத் தலையும் ஒரே மட்டம்

தேநீரைக் கலக்காமல் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோப்பையின் அடியில் கற்கண்டு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஓரமாக ஒரு துளி பாலாடை. முதல் வாயில் பாலாடை, நடுவில் கசப்பு, கடைசியில் இனிப்பு. ஆய்வாளரே, நீங்கள் லேயர் ஊர்ப் பக்கத்துப் பெண், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களோடு வந்திருக்கும் புகைப்படக்காரர் வெளியூர்க்காரர் போலிருக்கிறது. கரண்டியை உள்ளே விட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். பரவாயில்லை. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

பக்கத்தில் கொட்டகையில் இருக்கும் டாக்டர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். எந்தக் கட்டு முதலில் போட்டது, எது கடைசியில் போட்டது என்று. அறிவுள்ள மனிதர். தீயணைப்புக்காரர்கள் கம்பி வெட்டும் கத்தரியோடு தயாராக நிற்கிறார்கள், அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். தவறான இடத்தில் ஒரு கட்டை அவிழ்த்தால் வலை தொய்ந்து பாரம் முழுக்க ஒரே பக்கம் இறங்கிவிடும். வரிசையைக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் காரணம் தெரியாமல் வரிசையை மட்டும் கேட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

என் பெயர் ஓக்கா ஃபேக்கன். இந்தக் கால்வாய் ஓரத்தில் நாற்பது வருடம் இயன்முறை மருத்துவம் பார்த்தேன். கோணிய முதுகு, பிடித்துக்கொண்ட தோள், மாடு உதைத்த முழங்கால். இந்த ஊரில் என் கை படாத இடுப்பு குறைவு. ஓய்வு பெற்ற பிறகு செடி வளர்க்க ஆரம்பித்தேன். அதுவரை வளைந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், அதன் பிறகு நிமிர்ந்ததை வளைத்தேன். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொறுமைதான். என் உயரத்தை நீங்கள் பார்க்கிறீர்கள், அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

சட்டம் மாறியதும் கஞ்சா வளர்க்கச் சங்கம் வைக்கலாம் என்று வந்தது. சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். ஒன்னோ பால் மாடுகளை விற்றுவிட்டிருந்தான், அவனுடைய மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. பூக்கடை வைத்திருக்கும் வீப்கே வந்தாள். கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்த ஹிண்டர்க் பெரியவர் வந்தார். சைக்கிள் கடை ஐலர்ட்டும் அவன் மனைவி ஃபோல்கேயும் சேர்ந்தார்கள். நான் ஆறாவது. ஏழாவதாக வந்தவர் ரூடிகர் ஹாபர்கோர்ன்.

ரூடிகர் ஸ்டுட்கார்ட் பக்கத்துக்காரர். சமையலறை அலமாரிகள் விற்றுச் சம்பாதித்து, மனைவியைப் பிரிந்து, கடைசிக் காலத்தைக் கடலோரம் கழிக்கலாம் என்று இங்கே வீடு வாங்கியிருந்தார். இங்கே எந்தக் கதவில் நுழைந்தாலும் குனிய வேண்டிய உயரம். குனியாமல் நுழைந்து இடித்துக்கொண்டு, கதவைக் குறை சொல்வார். பேசுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலை மேலே உயர்த்துவார். அந்த விரல் எழுந்தால் மற்ற ஆறு பேரும் வாயை மூடிக்கொள்வோம். எங்கள் ஊர் தட்டையான ஊர், பார்த்திருப்பீர்கள். தேவாலயக் கோபுரத்தை விட்டால் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. உயரமான ஒன்றைக் கண்டால் எங்களுக்குத் தலைவர் என்று தோன்றிவிடுகிறது. முதல் கூட்டத்திலேயே அவரைத் தலைவராக்கினோம். நானும் கை தூக்கினேன். பின் வரிசையில் இருந்ததால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

செடி வளர்ப்பை என்னிடம் விட்டார்கள்.

கொட்டகையின் கூரை தாழ்வு. மாடுகளுக்குப் போதும், செடிகளுக்குப் போதாது. விளக்கை இதற்கு மேல் தூக்க இடமில்லை. அதனால் உயரமாக வளரும் செடி விளக்கில் கருகும், அதன் நிழலில் நிற்பது வெளுத்துப்போகும். இதற்கு ஒரே வழி நுனி கிள்ளுவது. செடிக்கு ஐந்தாறு கணு வந்ததும் உச்சிக் கொழுந்தை வெட்டிவிட வேண்டும். கேட்டால் கொடுமையாக இருக்கும். ஆனால் அந்த உச்சிக் கொழுந்து சும்மா இருப்பதில்லை. தண்டு வழியாகக் கீழே ஒரு சாற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நான் வளர்கிறேன், நீங்கள் அடங்கி இருங்கள் என்று சொல்லும் சாறு. உச்சியை எடுத்த மறுவாரமே வெட்டுக்குக் கீழே இரண்டு கொழுந்து கிளம்பும். அவற்றையும் கிள்ளினால் நான்கு. அதுவரை இருக்கிற இடம் தெரியாமல் இருந்த பக்கக்கிளைகள் எல்லாம் முகம் காட்டும்.

அடுத்தது வளைத்துக் கட்டுவது. ரப்பர் போர்த்த பச்சைக் கம்பி இருக்கிறது, தண்டை அறுக்காது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், தண்டு கொஞ்சம் துவண்டிருக்கும்போது, கிளையைப் பிடித்துச் சாய்த்துத் தொட்டி விளிம்பில் கட்ட வேண்டும். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். தடித்த தண்டு மசியாது. அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டி அழுத்தினால், உள்ளே ஒன்று விட்டுக்கொடுக்கும். மேல்தோல் கிழியக் கூடாது, அவ்வளவுதான். பிறகு தானாகப் படுத்துக்கொள்ளும். ஒடிந்த இடத்தில் முடிச்சுப்போல வீங்கி, முன்னைவிட உறுதியாகிவிடும். கடைசியாக மேலே ஒரு வலையைக் கட்டி, ஒவ்வொரு நுனியையும் ஒவ்வொரு கட்டத்துக்குள் படுக்கவைத்தால், கொட்டகை முழுக்க ஒரே மட்டம். வரப்பு இல்லாத வயல் மாதிரி. தண்ணீர் ஊற்ற வந்ததை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

ரூடிகருக்கு அது பிடிக்கவில்லை. செடியை அதன் போக்கில் விட வேண்டும் என்பார்.

"குட்டியம்மா," என்பார் என்னை. "அது சுதந்திரமா நிமிர்ந்து நிக்கட்டுமே. உங்க கைக்கு எட்டணும்னு எல்லாத்தையும் குட்டையாக்கிக்கிட்டே இருப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை எனக்குப் பிடிக்கும்.

இந்த இடத்தில் பத்திரிகைப் படத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முதல் அறுவடைக்கு உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். ரூடிகர் நடுவில் நின்று, நான் ஒரு பருவம் முழுக்கக் கட்டி வளர்த்த செடியைச் சுட்டிக் காட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். படம் வந்தபோது அவருடைய விரல் சரியாக என் முகத்தின் மேல் இருந்தது. நெற்றியில் கொஞ்சம் தெரிந்தது. கீழே ஆறு பேருடைய பெயர் போட்டு, "உடன் ஓர் உறுப்பினர்" என்று எழுதியிருந்தார்கள். தங்கை எம்டனிலிருந்து போன் செய்து, "நீ அன்னைக்கு போகலியாக்கா?" என்று கேட்டாள். அந்தப் படத்தை நான் வெட்டி வைத்திருந்ததும் உண்மை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்ததும் உண்மை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சங்கத்தைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தைச் செடியாகப் பாருங்கள். உச்சியில் ஒருவர். அவர் கீழே அனுப்பும் சாறு, நீங்கள் அடங்கி இருங்கள். வீப்கேக்குப் பூக்களைப் பற்றித் தெரியாதது கிடையாது, கூட்டத்தில் வாய் திறக்க மாட்டாள். ஒன்னோ தன் சொந்தக் கொட்டகைக்குள் அனுமதி கேட்டு நுழைந்தான். மற்றவர்கள் வெளுத்துக்கொண்டே போனார்கள். செடிக்கு ஒரு நியாயம், மனிதருக்கு ஒரு நியாயமா என்று எனக்குத் தோன்றியது.

நான் எதையும் மறைத்துச் செய்யவில்லை. சங்க விதிப்படி பொதுக்குழுவில் வைத்தேன். கடைசி அம்சம், "பிற விஷயங்கள்". எழுந்து நின்று, உறுப்பினர்களுக்கிடையே உள்ள உயர வேறுபாட்டைச் செடிகளுக்குச் செய்வதுபோல் சீர்செய்யவும் அதற்கான அதிகாரத்தை வளர்ப்புப் பொறுப்பாளருக்கு அளிக்கவும் தீர்மானம் என்று தெளிவாகப் படித்தேன். அந்த நேரத்தில் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று ரூடிகரே கேட்டார், இல்லை என்று அவரே சொன்னார். எல்லாருடைய கையும் மேலே இருந்தது. சிலர் கோட்டின் கைக்குள் கை நுழைத்துக்கொண்டிருந்தார்கள், அதையும் சேர்த்துத்தான் எண்ணினோம். ஏகமனதாக நிறைவேறியது. முறைப்படி நிறைவேறிய ஒரு தீர்மானத்தைக் கிடப்பில் போடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூடிகரைத் தேநீருக்கு அழைத்தேன், கொட்டகைக்கே. விளக்குச் சூட்டில் அங்கே இதமாக இருக்கும். எனக்குத் தூக்கத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து இருந்தது. பயப்படாதீர்கள், அந்தப் புட்டியை இன்று காலையிலேயே உங்கள் ஆட்கள் எடுத்துப்போய்விட்டார்கள். கோப்பைக்குக் கொஞ்சமாகத்தான் விட்டேன். ஒரு கோப்பையோடு நிறுத்தியிருந்தால் அவருக்குக் கொட்டாவிதான் வந்திருக்கும். நிறுத்துவது எப்படி என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும். போடாதவரை வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டே இருப்பாள், அது மரியாதை.

ரூடிகர் கலக்கினார். கலக்கிவிட்டுக் கரண்டியைத் தட்டில் வைத்தார். நான் ஊற்றினேன். மறுபடியும் கலக்கினார், மறுபடியும் தட்டில் வைத்தார். இத்தனை வருடம் இங்கே இருந்தும் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"உங்க ஊர்ல டீ நின்னுபோகவே போகாதா, குட்டியம்மா?" என்றார் ஒரு கட்டத்தில், நாக்குக் குழறி.

"அது உங்க கையிலதான் இருக்கு," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். பிறகும் ஊற்றினேன், அவர் தலை மேசையில் சாயும்வரை.

சுவரில் மாடு கட்டும் வளையங்கள் அப்படியே இருந்தன. முதல் கட்டு இடது தோள்பட்டையிலிருந்து நடு வளையத்துக்கு. டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், அவர் காத்திருக்கிறார். இரண்டாவது வலது தோள். மூன்றாவது இடுப்பைச் சுற்றித் தரையில் இருக்கும் கொக்கிக்கு. அவசரப்படவில்லை. அன்றைக்குக் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம். தடித்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சொன்னேன். நாற்பது வருடம் முதுகெலும்பு பார்த்த கை, இடம் தெரியும். உள்ளே ஒன்று மெல்ல விட்டுக்கொடுத்தது. தோல் கிழியவில்லை.

நுனியைப் பற்றித்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. மனிதனுக்கு நுனி எது. தலை என்று சொல்வார்கள், நான் பைத்தியக்காரி அல்ல. தலையை எடுத்தால் கீழே எதுவும் துளிர்க்காது. ஒருவன் எதைக் கொண்டு மற்றவர்களை அடக்கி வைக்கிறானோ அதுதான் நுனி. அப்படிப் பார்த்தால் ரூடிகரின் நுனி அவருடைய வலது கை ஆள்காட்டி விரல். கத்தரியைச் சாராயத்தில் துடைத்து, இரண்டாவது கணுவுக்கு மேலே வெட்டினேன். ஒரே வெட்டு, சாய்வாக, தண்ணீர் தேங்காதபடி. மருந்து வைத்துக் கட்டினேன். நன்றாக ஆறிவிட்டது, டாக்டரே பாராட்டுவார்.

நான் பைத்தியக்காரத்தனமாக ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். தலைவர் ஊருக்குப் போயிருப்பதாகவும், செடிகளுக்குப் பூச்சி மருந்து அடித்திருப்பதால் கொட்டகைக்குள் யாரும் வரக் கூடாது என்றும் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் நாற்காலி காலி. கொஞ்ச நேரம் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு ஒன்னோ ஆள்காட்டி விரலை உயர்த்தினான். அதே நேரத்தில் வீப்கேயும் உயர்த்தினாள். இருவரும் துணைத் தலைவர்கள். வெட்டுக்குச் சரியாகக் கீழே, சரியாக இரண்டு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு அழகாக எந்தச் செடியும் எனக்குத் துளிர்த்ததில்லை.

ஆனால் தோட்டக்காரிக்கு அதோடு வேலை முடிவதில்லை. வந்த இரண்டும் நீ பெரியவனா நான் பெரியவளா என்று ஏற ஆரம்பித்துவிட்டன. வீப்கே செடிக்கு வைக்கும் உரத்தை மாற்றச் சொன்னாள். ஒன்னோ கொட்டகைச் சாவி இனி தன் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டான். ஃபோல்கே என்னிடம் தனியாக வந்து, "அந்த நெட்டையனே தேவலாம் போலிருக்கேக்கா," என்றாள்.

ஒன்னோவையும் வீப்கேயையும் கொட்டகையின் முன்னறைக்குத் தேநீருக்கு அழைத்தேன், அதே சொட்டு மருந்தோடு. இருவரும் உள்ளூர்க்காரர்கள். கரண்டி வழக்கம் தாய்ப்பாலோடு வந்தது. முதல் கோப்பை முடிந்ததும் கரண்டியை உள்ளே போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மேசையில் கரண்டி வைக்கவில்லை.

வேறு ஒன்றும் செய்யவில்லை, ஆய்வாளரே. கரண்டி வைக்க மறந்ததுபோல் இருந்துவிட்டேன். அவர்கள் என்ன செய்திருக்கலாம். கேட்டிருக்கலாம். போதும் என்று வாயால் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். விருந்துக்குக் கூப்பிட்டவளிடம் கரண்டி எங்கே என்று கேட்பது அவளை அவமானப்படுத்துவது. ஒன்னோ மேசை முழுக்கக் கண்ணால் தேடினான். வீப்கே மேசைத்துணியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடித்தார்கள். ஊற்றினேன். குடித்தார்கள்.

"அக்கா, டீ இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்கு," என்றான் ஒன்னோ. நெற்றி வியர்த்திருந்தது. பயத்தால்தான் என்று நினைக்கிறேன். சட்டென்று எதையோ புரிந்துகொண்டவன் மாதிரிதான் இருந்தது அவன் முகம். ஆனாலும் கோப்பையை நீட்டினான்.

நான்காவது கட்டு ஒன்னோ, ரூடிகருக்கு இடப்பக்கம். ஐந்தாவது வீப்கே, வலப்பக்கம். இருவரின் விரலும் அதே கணுவில். வீப்கே மெலிந்தவள், அவளுக்கு அழுத்தவே வேண்டியிருக்கவில்லை, தானாகச் சாய்ந்தாள். அதன் பிறகுதான் வலையைக் கட்டினேன்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்கான மனிதர். வேலி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, வெளியிலிருந்து செடி தெரிகிறதா, யாராவது புகைக்கிறார்களா என்று பார்த்தார். செடிகளை எண்ணினார், சரியாக இருந்தது. வலைக்குள் செடிகளோடு செடிகளாக மூன்று முகங்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன. உறுப்பினர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உறுப்பினர்கள் வளர்ப்பில் நேரடியாகப் பங்கெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பல சங்கங்களில் பெயருக்குத்தான் வருகிறார்கள், இங்கே ஈடுபாடு தெரிகிறது என்று சொல்லி ஒரு டிக் போட்டார். ரூடிகர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பழக்கத்தில் விரலை உயர்த்தப் பார்த்தார். உயர்த்த ஒன்றும் இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

மற்ற மூவரை நான் தேடிப் போகவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஹிண்டர்க் பெரியவர் தானாக வந்தார். ஒருநாள் சாயங்காலம் கொட்டகை வாசலில் நின்று, வலையையும் விளக்கையும் வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா ஓக்கா, உள்ள சூடா இருக்கா?" என்றார்.

"இருக்கு பெரியவரே."

"அம்பது வருசம் பாலத்துமேல காத்துல நின்னேன். முதுகுல இன்னும் அந்தக் குளிர் போகல." தொப்பியைக் கழற்றினார். "எனக்கு எந்த எடம்?"

அவருடைய ஆள்காட்டி விரலைப் பாலத்துச் சக்கரம் எப்போதோ எடுத்துக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு வேலை வைக்கவில்லை. ஐலர்ட்டும் ஃபோல்கேயும் அவரைத் தேடி வந்தார்கள். இருவரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஐலர்ட் கேட்டான். ஃபோல்கே அவனை முறைத்தாள். சேர்த்தே எடுத்துக்கொண்டேன். ஃபோல்கே மட்டும் கடைசி நேரத்தில் மனம் மாறியதுபோல் கொஞ்சம் சத்தம் போட்டாள். இளந்தண்டு முதல் வளைவில் அப்படித்தான் கிரீச்சிடும்.

கேளுங்கள், அவர்கள் நன்றாக இருந்தார்கள். காலையில் மோர்க் கஞ்சி, மத்தியானம் கறிச்சாறு, குழல் வைத்துக் கொடுப்பேன். துடைத்துவிடுவேன். எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில், எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம். முதல் முறையாக ஆறு பேரும் சமமாகப் பேசிக்கொண்டார்கள்.

"என்ன தலைவரே, இப்பல்லாம் கதவுல இடிச்சுக்கறதில்லையே," என்பான் ஒன்னோ.

"கத்தரி கிடைக்கட்டும், முதல்ல உன் நாக்கைத்தான்," என்பார் ரூடிகர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க, எனக்கு மூக்கு அரிக்குது," என்பாள் வீப்கே. "யாருக்காவது மூக்கு வரைக்கும் கை எட்டுமா?"

யாருக்கும் எட்டாது. ஆனால் யாருக்கும் எட்டாது என்பதும் ஒரு சமத்துவம்தானே. சில நாட்களில் அவர்கள் அழுதார்கள், அதையும் மறைக்க மாட்டேன். அழுதபோதும் ஒன்றாகத்தான் அழுதார்கள். முன்பெல்லாம் இந்த ஊரில் யாரும் யாருடனும் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை.

ரூடிகர் மட்டும் ஒருநாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குட்டியம்மா என்று சொல்லவில்லை.

"ஓக்கா," என்றார். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், அவருடைய கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது, அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. "அந்த ஃபோட்டோவுக்காகத்தானே?"

நான் குழலை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவருக்குக் கஞ்சி அவ்வளவுதான். கோபம் இல்லை, நேரமாகிவிட்டது. மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

குடும்பத்தார் தேடவில்லையா என்று கேட்டீர்கள். சங்கத்தில் பங்கெடுக்கிறார்கள் என்று சொன்னேன், சட்டப்படி கட்டாயம் என்றேன். ஒன்னோவின் மனைவி வாசல்வரை வந்து ரொட்டியைக் கொடுத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது, அவசரமில்லை என்று சொல்லிப் போனாள். அவனுடைய மாமாவின் சவ அடக்கத்துக்கு அவன் போகவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இன்று காலை பக்கத்து ஊரோடு சாலையில் உருண்டை எறியும் பந்தயம். அதற்கு ஒன்னோ வரவில்லை என்றதும் மொத்த அணியும், வண்டியில் பிராந்திப் புட்டிகளோடு, கொட்டகைக் கதவை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். என் பக்கத்துத் தவறு என்றால் அது ஒன்றுதான், பந்தய நாளை மறந்தது.

வந்தவர்கள் அலறவில்லை. வாசலிலேயே நின்றார்கள். அணித்தலைவர் தொப்பியை எடுத்துவிட்டு, எங்கள் ஊர் வணக்கமாக, "மோயின்," என்றார். உள்ளே இருந்து ஆறு குரல் ஒன்றாக "மோயின்" என்றது. யாருடைய குரலும் யாருடையதையும் மிஞ்சவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை வருடம் வேண்டுமானாலும் சிறையில் இருப்பேன்.

ஆக, முழுதாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேரை நான் கட்டினேன். மூவரை மருந்து கொடுத்து. மூவரைக் கொடுக்காமல். ஐந்து விரல்களை வெட்டினேன். ரூடிகரின் முதுகை நான்தான் ஒடித்தேன். டாக்டர் சொல்வதுபோல் அவர் இனி நிமிரப்போவதில்லை என்றால், அதற்கும் நான்தான் பொறுப்பு. விருப்பு வெறுப்பு எதுவும் இல்லாமல், முழுச் சங்கத்தின் நன்மைக்காகச் செய்தேன். சங்கத்தில் ஏழு பேர் ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம், எனக்கு ஏன் கட்டுப் போட்டுக்கொள்ளவில்லை என்றும் கேட்கலாம். யாராவது ஒருவர் நின்றுகொண்டு தண்ணீர் ஊற்ற வேண்டாமா.

அவிழ்க்கும் வரிசை, கட்டிய வரிசைக்கு நேர் எதிர். முதலில் ஃபோல்கே, பிறகு ஐலர்ட், பிறகு பெரியவர். அவர் வர மாட்டேன் என்பார், வற்புறுத்துங்கள். பிறகு வலையின் நான்கு மூலை. பிறகு வீப்கே, ஒன்னோ. ரூடிகரின் இடுப்புக் கட்டைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு பேர் அவரை அடியிலிருந்து தாங்கிக்கொள்ள வேண்டும். இடது தோளைக் கடைசியாக விடுங்கள். செடிகளைத் தயவுசெய்து மிதிக்காதீர்கள், பூக்கும் பருவம்.

உங்கள் கோப்பையில் கரண்டியைப் போட்டுவிட்டீர்கள். நல்ல வளர்ப்பு. புகைப்படக்காரருக்கு இன்னும் ஊற்றட்டுமா, அவர் தட்டில்தான் வைத்திருக்கிறார்.

அவிழ்க்கும் முன்னால் சாட்சிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றீர்களே, எடுத்துவிடுங்கள், டாக்டர் காத்திருக்கிறார். நான் எங்கே நிற்பது என்று புகைப்படக்காரர் யோசிக்க வேண்டாம். போன தடவை நின்ற அதே இடத்தில், ரூடிகருக்குப் பின்னால், நின்றுகொள்கிறேன். இப்போது அங்கிருந்து நன்றாகத் தெரிவேன். கீழே பெயர் போடும்போது ஃபேக்கன், ஓக்கா ஃபேக்கன்.